கறையானுக்கு வைத்த பரீட்சை

இருபத்தெட்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள் நான். "பிப்பெட்டை வாயில வச்சு உறிஞ்சாதே" என்று கத்தியே தொண்டை போனது. ஊரில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்தியதில்லை. ஓசியில் வருகிற பதவியை எதற்கு விட வேண்டும்?

ஓய்வு பெற்ற கையோடு தவளக்குப்பத்துக்கு உள்ளே தள்ளி ஒரு மனையில் வீடு கட்ட ஆரம்பித்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. அதற்கு முன்னால் பதினொரு வாடகை வீடுகள். பதினொன்றிலும் சாவி என்னிடம் இருந்தது, கதவு என்னுடையதாக இருந்ததில்லை. கடைசியாகக் கதிர்காமத்தில் குடியிருந்த வீட்டில் வாசல் நிலையையே கறையான் தின்றுவிட்டது. ஒரு நாள் காலை பால் வாங்கக் கதவைத் திறந்தேன், கீல் நிலையோடு பெயர்ந்து கையில் வந்தது. பெயிண்டுக்கு உள்ளே மரமே இல்லை, மண்தான் இருந்தது. அந்த வீட்டுச் சுவர் அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்த என் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் அப்பாவின் ஒரே புகைப்படமும் அதே வழியில் போயிருந்தன.

வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். வந்து பார்த்துவிட்டு, முதலில் பிரெஞ்சில் மறுத்து, "நோன், நோன். எங்க ஊட்ல கறையானே கெடையாது. நீங்க கொண்டாந்த சாமான்ல வந்திருக்கும்" என்றார். நான் கொண்டு போன பெரிய சாமான் ஓர் இரும்புக் கட்டிலும் கேஸ் அடுப்பும்தான். அன்றைக்கு அவரோடு போட்ட சண்டையை அந்தத் தெரு இன்னும் மறந்திருக்காது. அப்பாவின் முகம் போனது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஆகையால் புது வீட்டில் சுவர் கோணலாக இருந்தால்கூடப் பரவாயில்லை, கதவையும் ஜன்னலையும் கறையான் தொடக் கூடாது என்று முடிவெடுத்தேன். கையில் இருந்த பணம் ஒரு தடவை கட்டுவதற்குத்தான் காணும். தின்றுவிட்டால் இன்னொரு தடவை கட்ட வழி கிடையாது, திரும்பவும் வாடகை வீடுதான்.

எனக்கு வாய்த்த ஆசாரி நல்ல வேலைக்காரர். ஆனால் உலகத்தில் உள்ள எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "தேக்குதாம்மா. வேற பேச்சே இல்ல" என்றார். சரி என்று உழவர்கரையில் ஒரு மரக்கடைக்கு அவரோடு போனேன். அங்கே காட்டிய தேக்கில் பாதி வெள்ளை, பாதி பழுப்பு. அவசரமாக வளர்த்து அவசரமாக வெட்டிய மரம். வைரம் பாய்ந்த பழுப்பைக் கறையான் தொடாது. ஆனால் ஓரத்து வெள்ளை அதற்குச் சர்க்கரைப் பொங்கல். எட்டாம் வகுப்புப் பாடத்தில் வருகிற விஷயம்.

"பாதி வெள்ளையா இருக்கே?" என்றேன்.

"பாலிஷ் போட்டா ஒரே கலரா ஆயிடும் மேடம்" என்றார் கடைக்காரர்.

கறையானுக்குக் கண் தெரியாது, அது பாலிஷைப் பார்த்து ஏமாறாது என்று சொன்னேன். ஆசாரி என் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணாடிக் கதவில் தெரிந்தது.

முழுப் பழுப்புத் தேக்கு எனக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் அதே கடைக்காரர் பைன் மரத்துக்கு இறங்கினார். குளிர் தேசத்தில் ஊசி இலையோடு வளர்கிற மென்மரம். வெள்ளையாக, லேசாக, மோந்து பார்த்தால் தரை துடைக்கிற மருந்து வாசனை அடிக்கும். அதிலேயே இரண்டு தினுசு வைத்திருந்தார். ஒன்று சும்மா அறுத்து வந்தது. இன்னொன்று, வெளிநாட்டில் இருந்து இயந்திரங்களை அடைத்து வருகிற பெட்டிகளை உடைத்து எடுத்த பலகை. அதன் மேல் கறுப்பு மையில் ஒரு முத்திரை.

"இது சூடு காட்டுன மரம் மேடம். முத்திரை பாருங்க, கவர்மெண்டு சீல். பூச்சி கிட்டயே வராது."

"எவ்வளவு சூடு காட்டினாங்க?"

"நல்ல சூடு."

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஒரு நாட்டுப் பூச்சி பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு இன்னொரு நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகக் காட்டுகிற சூடு அது. உள்ளே இருக்கிற பூச்சி செத்துப் போகும், அவ்வளவுதான். அடுத்து வருகிற பூச்சிக்கு அந்தச் சூட்டைப் பற்றி என்ன தெரியும்? காய்ச்சிய பால் என்பதால் பூனை குடிக்காமல் விடுமா?

இந்தத் தேடலில்தான் நான்காவது மரம் கிடைத்தது. ஊருக்கு வடக்கே தோட்டத்து வீடுகள் கட்டித் தருகிற ஒருவருடைய கொட்டகையில் மிச்சம் கிடந்தது. அதுவும் பைன்தான், ஆனால் பார்த்தால் நம்ப முடியாது. காப்பிக்கொட்டையை வறுத்த நிறம். முகர்ந்தால் வெல்லம் தீய்ந்த வாசனை. காற்றில்லாத அடுப்பில் நீராவி விட்டு, இருநூறு டிகிரி வரைக்கும் வேக வைப்பார்களாம். அந்த வேக்காட்டில் மரத்தின் சத்தெல்லாம் மாறிப்போய்விடும். அதன்பின் மழைக்கு ஊறாது, உப்புக் காற்றுக்கு உப்பாது, பூஞ்சை பிடிக்காது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் வீடு கட்டுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"கறையான்?" என்றேன்.

அவர் நேர்மையான மனிதர். "அதுக்கு நான் பொறுப்பு எடுத்துக்க மாட்டேங்க" என்றார்.

துண்டு ஒன்றைக் கொண்டு வந்து ஆசாரியிடம் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"இடி விழுந்த மரம், சுடுகாட்டு மரம், தீப்பட்ட மரம். மூணும் வாசக்காலுக்கு ஆவாதும்மா. எங்கப்பன் காலத்துல இருந்து இதுதான். வெந்த மரத்துல உளி வைக்க மாட்டேன், வேற ஆளப் பாத்துக்குங்க."

இப்படி ஆளாளுக்கு ஒன்று சொன்னால் நான் யாரை நம்புவது? ஆய்வகத்துக்காரிக்கு ஒரே வழிதான். கறையானிடமே கேட்டுவிடுவது.

என் மனையின் முன்மூலையில், கேட் வர வேண்டிய இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. மேஸ்திரி முதல் நாளே, "இத ஒடைச்சி மருந்து ஊத்திட்டுதான்க்கா வேலய ஆரம்பிக்கணும்" என்றார். நான்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்குத் தேர்வாளர்கள் உயிரோடு வேண்டும். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. ஆடி மாதம் முழுக்க யாரும் நிலை வைக்க மாட்டார்கள், எப்படியும் வேலை நிற்கும். முன்னும் பின்னும் சேர்த்து முப்பத்தைந்து நாளில் பரீட்சையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நான்கு மரத்திலும் ஒரு முழத் துண்டு வெட்டி, புற்றைச் சுற்றி நட்டேன். எது எதுவென்று தெரிய வேண்டுமே, வீட்டில் மிச்சம் இருந்த சிவப்பு எனாமலால் முதல் கட்டைக்கு ஒரு கோடு, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, நான்காவதற்கு நான்கு என்று குறுக்கே இழுத்தேன். எது மேல்பக்கம் என்று அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு. மாடு முட்டிச் சாய்த்துவிடாமல் நான்கையும் சேர்த்துச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு. நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

புற்று. செங்குத்தாக நான்கு கட்டை. சிவப்புப் பட்டை, சிவப்புப் பொட்டு, மஞ்சள் கயிறு. ஆடி பிறக்க நான்கு நாள். இருபத்தெட்டு வருடம் அறிவியலோடு குப்பை கொட்டிய எனக்கு, கற்பூரம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நானே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன் என்று உறைக்கவில்லை.

எங்கள் பக்கத்து மனைகளுக்கு மீன் கொண்டு வருகிற அக்கா ஒருத்தி உண்டு. கடலோரக் குப்பத்தில் இருந்து வருவாள். என் வயதிருக்கும், என்னைவிட இரண்டு பங்கு சத்தம். வழக்கமாக என் சுவர் நிழலில் கூடையை இறக்கி மூச்சு வாங்குவாள். அன்றைக்குக் காலையில் இருந்து அவளுடைய செல்போனைக் காணவில்லை. கூடையை இறக்கியவள் கட்டைகளைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், "ஆத்தா, எம் போனக் குடுத்துடு" என்றாள். அடுத்த நொடி கூடைக்குள் ஐஸுக்கு அடியில் இருந்து போன் அடித்தது.

அவ்வளவுதான். சாயந்திரம் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. மறுநாள் வேப்பிலை. ஆடி முதல் வெள்ளிக்கு நான் போய்ப் பார்க்கும்போது புற்றுக்குப் பாவாடை கட்டியிருந்தார்கள். முத்திரை குத்திய பெட்டிக் கட்டைக்கு எலுமிச்சம்பழ மாலை.

"அக்கா, இது நான் நட்ட கட்டை" என்றேன் மீன்காரியிடம்.

"நீ நடல டீச்சர். ஆத்தா உன்ன நட வச்சா."

இதற்கு எந்த ஆய்வகத்தில் பதில் இருக்கிறது? விளக்கம் சொல்லிப் பார்த்தேன். கறையான், பைன், வெள்ளைத் தேக்கு எல்லாம் சொன்னேன். சுற்றி நின்ற பெண்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்கு ஒரு சொம்பு கூழ் கொடுத்தார்கள். வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தேன். கூழ் பிரமாதமாக இருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கு ஒலிபெருக்கி வந்தது. மூன்றாவது வெள்ளிக்கு உண்டியல் வைக்க இடம் பார்த்தார்கள். யாரோ நான்கு மூங்கிலும் கீற்றும் கொண்டு வந்து ஓரமாக இறக்கியிருந்தார்கள், கொட்டகை போடுவதற்கு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு விபரீதம் உறைத்தது. நம் ஊரில் புற்றுக்கு மேல் கீற்று விழுந்துவிட்டால் அடுத்த வருடம் தகரம், அதற்கடுத்து கான்கிரீட்டு, பிறகு கோபுரம். எந்த அதிகாரியும் அதைத் தொட மாட்டார். என் மனைக்கு உள்ளே போக வேறு வழி கிடையாது. முப்பதடி அகலத்தில் முன்பக்கம் முழுவதும் கோயிலாகிவிட்டால் நான் என் வீட்டுக்குச் சுவர் ஏறிக் குதித்துத்தான் போக வேண்டும்.

மேஸ்திரியிடம் ஓடினேன். கீற்று விழுவதற்குள் புற்றை எடுத்துவிடலாம் என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல்லக்கா? இப்ப அம்மன் உக்காந்துட்சி. நான் கடப்பாறை போட மாட்டேன். எனக்கும் புள்ளகுட்டி கீது" என்றார்.

ஆசாரி வெளிப்படையாகவே சந்தோஷப்பட்டார்.

அன்று நான் அந்த அரைகுறைச் சுவரில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம்? ஐம்பத்தெட்டு வயதில் கிடைக்கப் போன ஒரே கதவை என் சொந்த மேதாவித்தனத்தால் தொலைத்துவிட்டேனே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மீன்காரி கூடையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், சாமி வந்த எடத்துல அழுவுற?"

"சாமிக்கு எடம் கெடைச்சிடுச்சி அக்கா. எனக்குத்தான் இல்ல."

அவள் கூடையை ஓரமாக நகர்த்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பூ போட்டுக் கேப்போம். தெருக்கோடி வேப்பமரத்துக்கு வர்றியான்னு ஆத்தாளயே கேப்போம். வரேன்னா நீ ஊடு கட்டு. வர மாட்டேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த மறுநாள் காலை பூ கேட்டோம். வாழையிலையில் இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் குலுக்கிப் புற்றின் முன்னால் போடுவார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்க வேண்டியது மேஸ்திரி. இதில் அறிவியல்படி பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பது எனக்குத் தெரியும். பாதிக்குப் பாதி என்பது எவ்வளவு கொடுமையான கணக்கு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேண்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

வெள்ளை வந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன், எனக்குச் சரியாக வரவில்லை. வேப்பமரத்தடிக்குக் கொண்டு போக, மீன்காரி புற்றில் இருந்து ஒரு கை மண் எடுத்துப் பித்தளைத் தட்டில் வைத்தாள். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள்.

ஒரு கோடு, சும்மா பைன். சிவப்புக் கோடு மட்டும் கையில் வந்தது, மற்றது மண்ணாக உதிர்ந்தது. இரண்டு கோடு, முத்திரை குத்திய பெட்டிப் பலகை. அடிப்பாகம் காலி, முத்திரை இருந்த இடத்தை மட்டும் கறையான் மரியாதையாக விட்டு வைத்திருந்தது. மூன்று கோடு, கடைக்காரரின் தேக்கு. வெள்ளைப் பாதி போய், பழுப்புப் பாதி ஒற்றைக் காலில் நின்றது. நான்கு கோடு, வேக வைத்த பைன். ஒரு கீறல் இல்லை. முழுசாக, பளபளவென்று வெயிலில் மின்னியது.

நான் ஆசாரியைப் பார்த்தேன். அவர் கட்டையைப் பார்த்தார்.

"பாத்தியா ஆசாரி? உனுக்கு எந்த மரம்னு ஆத்தாளே எடுத்துக் குடுத்துட்டா" என்றாள் மீன்காரி.

ஆசாரி துண்டை இடுப்பில் கட்டி அந்தக் கட்டையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருடைய அப்பன் காலத்துச் சட்டம் அந்த நிமிடத்தோடு தள்ளுபடி.

அப்புறம் வேலை ஓடியது. மேஸ்திரி புற்றை வெட்டி, ஆழமாகத் தோண்டி, மருந்து ஊற்றினார். மரம் மண்ணைத் தொடக் கூடாது என்று நான் அடம் பிடித்ததால் வாசலுக்குக் கருங்கல் படி போட்டு, அதன் மேல் நிலையை நிறுத்தினோம். வெந்த மரத்துக்கு ஒரு குணம் உண்டு, அது முரடாக நடந்தால் தாங்காது. ஆசாரி பழக்கதோஷத்தில் முதல் ஆணியை ஓங்கி அடித்தார், சட்டத்தின் முனை அப்பளம் மாதிரி உடைந்தது. "ஆத்தா குடுத்ததுன்னு பாக்குறேன், இல்லன்னா..." என்று முணுமுணுத்துவிட்டு, அதற்குப் பிறகு ஒவ்வொரு திருகாணிக்கும் முன்னாலேயே துளை போட்டுக்கொண்டார். நிலை வைத்த அன்று மஞ்சள் குங்குமம் வைக்கத் தெருவே வந்தது.

குடி போய்ப் பத்து நாள் இருக்கும். மீன்காரி என் கருங்கல் படியில் கூடையை இறக்கினாள். சங்கரா மீனுக்குப் பேரம் நடந்தது. செதில் எடுத்த கையைத் துடைத்துவிட்டுக் கதவைத் தடவிப் பார்த்தாள்.

"காஞ்சி கெடக்குதே டீச்சர். எண்ண வைக்கிறதில்லயா?"

"எந்த எண்ணெ?"

"வேப்பெண்ணதான். நான் தெனமும் வச்சேனே."

எனக்குப் புரியவில்லை. எதற்கு வைத்தாய் என்று கேட்டேன்.

"அந்தக் கறுப்புக் கட்டைக்குத்தான். ஒரு நாள் உடாம தடவுவேன், அடியில மண்ணத் தோண்டியும் ஊத்துவேன். மத்ததெல்லாம் பொட்டிக் கட்டன்னு எனக்குத் தெரியாதா? எங்க ஐஸ் பொட்டியே அதுலதான் அடிக்கிறாங்க. இது ஒண்ணுதான் அம்மன் கலர்ல இருந்துச்சி."

நான் மீன் சட்டியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு கட்டையில் ஒன்றுக்கு மட்டும் முப்பத்தைந்து நாள் வேப்பெண்ணெய். எங்கள் ஆய்வகத்தில் எந்தப் பிள்ளையாவது இப்படி ஒரு சோதனையை எழுதிக்கொண்டு வந்திருந்தால் நோட்டைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன். வெந்த மரத்தைக் கறையான் தின்னுமா, தின்னாதா? எனக்குத் தெரியாது. வேப்பெண்ணெய் தடவிய வெந்த மரத்தைத் தின்னாது என்பது மட்டும்தான் தெரியும். அந்தப் பதிலை நம்பி நிலை, கதவு, நான்கு ஜன்னல் எல்லாம் செய்து மாட்டியாகிவிட்டது.

"ஏன், எதுனா தப்பா டீச்சர்?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன். அவள் வாங்கித் தந்த வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்றில் இருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்துவிட்டு, ஒரு கிண்ணம் வேப்பெண்ணெயும் பழைய துணியுமாக ஆரம்பிப்பேன். நிலை, கதவு, நான்கு ஜன்னல். எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று மேஸ்திரி சொல்கிறாராம். டீச்சருக்கு என்ன பக்தி என்று தெரு மெச்சுகிறது, நானும் திருத்தவில்லை. எண்ணெய் ஊறியதும் உள்ளே நின்றுகொண்டு விரல் முட்டியால் நிலையை மேலிருந்து கீழ் வரைக்கும் தட்டிக்கொண்டே வருவேன், எங்கேயாவது உள்ளே காலியான சத்தம் கேட்கிறதா என்று.

போன வெள்ளிக்கிழமை மீன்காரி படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பி, "யாரு டீச்சர் கதவத் தட்டுறது?" என்றாள்.

"யாருமில்லக்கா, நான்தான்" என்றேன். அடிவரைக்கும் தட்டிப் பார்த்தாயிற்று. உள்ளே மரம்தான் இருந்தது.